மூணாவது ஆள்

சுண்ணாம்புக் கோடு சாரலில் கரைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் காலையிலேயே வந்து குனிந்து குனிந்து போட்ட கோடு. முதல் லேனும் இரண்டாவது லேனும் ஒன்றாகி, மைதானத்தின் வளைவில் வெள்ளையாகத் தேங்கிக் கிடந்தது. ஈரச் சுண்ணாம்புக்கு ஒரு வாசனை உண்டு. மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாசனை. எனக்கு அது ஐயாயிரம் மீட்டர் வாசனை.

தென்காசியில் மாவட்ட மீட். நாங்கள் இரண்டு பேர் கால் ரூம் என்கிற அழைப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம். அறை ஒன்றும் இல்லை. புங்கமரத்தடியில் ஒரு சாமியானா, ஒரு மேஜை, பெயரைச் சரிபார்க்க ஒரு சார். ஓடுகிறவர்கள் போட்டிக்கு முன்னால் அங்கே வந்து தலையைக் காட்ட வேண்டும். எங்கள் போட்டிக்கு மூன்றாவதாக வர வேண்டியவள் வரவில்லை.

என் பக்கத்தில் இருந்தவள் வடிவு. சிவகிரிக்காரி, என் கல்லூரித் தோழி. வட்டு எறிகிறவள். எழுந்து நின்றால் வாசலை அடைத்துக்கொள்வாள். ஐயாயிரம் மீட்டருக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் கையில் வடை இருந்தது.

"ஏட்டி இசக்கி, அவா வருவாளா மாட்டாளா? நான் இன்னொரு வட திங்கலாமா கூடாதா, அதச் சொல்லு."

"வருவா. நேத்து சாயங்காலம் போன்ல பேசினேன்."

"வாரேன்னு சொன்னாளா?"

"பாப்போம்னு சொன்னா."

"அப்ப நான் திங்கேன்" என்று வடிவு கையை வடைப் பொட்டலத்துக்குள் விட்டாள்.

மைக்கில் குரல் வந்தது. "பெண்கள் ஓப்பன் ஐயாயிரம் மீட்டர், இரண்டாவது அழைப்பு."

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'ஓட்டக்காரி என்றீர்கள், எப்போதுதான் ஓடப் போகிறீர்கள்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு நான் என்ன சொல்ல? ஓடாமல் போன கதையைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று பேர் வேண்டும்

கல்லூரியில் படித்தவரை ஆள் பஞ்சம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி வந்தால் பாளையங்கோட்டை சிந்தெடிக் ட்ராக்கில் ஸ்டார்ட் கோட்டில் நிற்கவே இடம் இருக்காது. முழங்கையால் இடிப்பார்கள், ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணியால் கீறுவார்கள். அப்படிக் கீறிய தழும்பு ஒன்று இன்னும் என் கணுக்காலில் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து எனக்கு மிஞ்சிய ஒரே பதக்கம் அதுதான் என்று சில நாள் தோன்றும்.

படிப்பு முடிந்த அன்றே அந்தக் கூட்டம் மாயமாகிவிடும். ஒருத்தி பி.எட். சேர்வாள், ஒருத்தி பெங்களூருக்குப் போவாள், ஒருத்திக்குக் கல்யாணம். மிச்சம் இருப்பவர்களுக்கு 'ஓப்பன்' பிரிவு. பேர்தான் ஓப்பன். உள்ளே போய்ப் பார்த்தால் ஈ, காக்கா இருக்காது.

எங்கள் மாவட்ட மீட்டில் ஒரு விதி இருந்தது. குறைந்தது மூன்று பேர் வந்து நின்று, மூன்று பேரும் ஓடி முடித்தால்தான் அது போட்டி. ஒருத்தி குறைந்தாலும் மற்றவர்கள் ஓடிய நேரம் செல்லாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஓடத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து, ஓடத் தெரியாத ஒருத்தியைக் கையோடு கூட்டிவருவோம். அவளுக்கு மூணாவது ஆள் என்று பெயர். நீளம் தாண்டுகிறவள், ஈட்டி எறிகிறவள், யாருடைய தங்கையோ, யாராக இருந்தாலும் சரி. சார்களுக்கும் இது தெரியும். போட்டி நடந்தால்தானே அவர்களுக்கும் மரியாதை? கண்டுகொள்ள மாட்டார்கள்.

மூணாவது ஆளுக்குக் கூலி, பிரானூர் பார்டர் கடையில் வயிறு முட்டப் பரோட்டா.

எங்கள் மூணாவது ஆள் வடிவு. பன்னிரண்டரைச் சுற்றையும் நடந்தும் ஓடியும், நடுவில் நின்று லேஸ் கட்டியும் முடிப்பாள். நானும், அந்தப் புங்கமரத்தடிக்கு வராத மும்தாஜும் ஓடி முடித்து, செருப்பு மாட்டி, தண்ணீர் குடித்து, ஓரமாக உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்போம். மைக்காரர் அலுத்துப்போய்ப் பாட்டுப் போட்டுவிடுவார். கடைசிச் சுற்றில் வடிவு எங்களைப் பார்த்துக் கையாட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

செலெக்சனுக்காம்மா?

தென்காசிப் பக்கம் ஒரு பெண் காலையில் ரோட்டில் ஓடினால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். பால்காரர் கேட்பார், பஸ்ஸுக்கு நிற்கும் கொத்தனார் கேட்பார், கம்பளித் தொப்பி போட்டு வாக்கிங் வரும் அண்ணாச்சிகள் நிறுத்தி வைத்தே கேட்பார்கள். "செலெக்சனுக்காம்மா?"

போலீஸ் செலெக்சன், இல்லாவிட்டால் ராணுவச் செலெக்சன். இந்த இரண்டையும் விட்டால் ஒரு மனித ஜீவன் ஓடுவதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று எங்கள் ஊர் நம்பாது. குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு காக்கிச் சட்டை கொடியில் காயும். என் அப்பாவும் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

"நீ ஓடுத ஓட்டத்துக்குக் கண்ண மூடிட்டு உள்ள போயிரலாம்ட்டி" என்பார்.

போயிருக்கலாம். ஓட்டம் இருந்தது, உயரம் இல்லை. ஒரு விரல்கடை அளவுகூட இல்லாத குறை. அப்பா என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடுவார். கம்பியில் தொங்கச் சொல்வார். முட்டை அவித்துத் தருவார். மறுபடி நிறுத்திக் கோடு போடுவார். கல்லூரி முடித்த பெண் எங்கே வளரப் போகிறாள்? கோட்டின் மேலேயே கோடு விழுந்து அந்த இடத்தில் பெயிண்டே போய்விட்டது. ஒருநாள் அவரே ஸ்கேலை ஒடித்துக் குப்பையில் போட்டார். என் உயரத்தோடு அவருக்குக் கோபம்.

வடிவுக்கு உயரம் பிரச்சினையே இல்லை. ஓட்டத்தில் நாக்குத் தள்ளித் தப்பித்து, மற்றதிலெல்லாம் சுளுவாக ஜெயித்து, காக்கி போட்டுவிட்டாள்.

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அங்கே ட்ராக்கில் ஓடிய நேரத்தைக் கேட்பார்கள். அதற்கு மாநிலப் போட்டியில் இடம் பிடிக்க வேண்டும். மாநிலத்துக்குப் போக மாவட்டத்தில் ஓட வேண்டும்.

"ஒரு வருசம் தாரேன்" என்றார் அப்பா. "அடுத்த சாரலுக்குள்ள எங்கனயாவது போய்ச் சேரு. இல்லன்னா நான் சொல்லுத எடத்துல வேலைக்குப் போ. சரியா?"

நியாயமான மனிதர். அதனால்தான் அவரோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

ரோட்டில் ஆள் இருக்கிறது

மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிக்காரி. வாப்பா கல்ஃபில் இருந்தார். கல்லூரியில் நான் முதலாவது வந்த ஓட்டங்களில் எல்லாம் அவள் இரண்டாவது. என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் வேகத்தைக் கூட்டுவேன். அது இல்லாமல் எனக்கு ஓடத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

படிப்பு முடிந்த பிறகும் சேர்ந்தே ஓடினோம். வாரத்தில் பாதி நாள் மைதானம், பாதி நாள் குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் ரோடு. ரோட்டோரத்தில் ரம்புட்டான் கூடைகளை இறக்குவார்கள். எண்ணெய் மாலிஷ்காரர்கள் பாட்டில்களை வரிசையாக அடுக்குவார்கள். முகத்தில் சாரல் ஊசியாய்க் குத்தும். குரங்கு ஒன்று மும்தாஜின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தபோது அவள் ஓடிய வேகத்தை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை.

ஒருமுறை அவள் யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஒரு ரோட்டுப் பந்தயத்துக்குப் போய்வந்தாள். வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏட்டி, எத்தன பேருங்க! ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டுதாங்க. ஆச்சிமாரு கூட ஓடுதாங்கட்டி. தோத்தவங்களுக்கும் மெடல் குடுக்கான், வாழப்பழம் குடுக்கான்."

"அந்த மெடல வச்சு என்ன செய்யப் போற? ரயில்வேக்காரன் கேப்பானா?"

"கேக்க மாட்டான். ஆனா பந்தயம் நடக்கும்லா?"

ட்ராக்கில் ஓடினால் அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் ஓட்டமே நடப்பதில்லை. ரோட்டில் வாராவாரம் எங்காவது ஓட்டம் நடக்கும், அந்த நேரத்தை எந்த ஆபீசிலும் சீந்த மாட்டார்கள். எதைப் பிடிப்பது என்று நாங்கள் இருவரும் பேசாத நாள் இல்லை. உடம்பு ஒன்றுதான். ரோட்டுக்குப் பழக்கினால் ட்ராக்கின் கடைசிச் சுற்று வேகம் போய்விடும். இரண்டையும் செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் இரண்டிலும் மண்ணைக் கவ்வியதைப் பார்த்திருக்கிறேன்.

நான் ட்ராக் என்றேன். "ட்ராக்தான் ஓட்டம். ரோடு திருவிழா" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். மும்தாஜ் சிரித்தாள்.

வலமும் இடமும்

ட்ராக்கில் எப்போதும் இடது பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். உள்கோடு இடது கைப்பக்கம் இருக்கும். அதை ஒட்டி ஓடினால் தூரம் குறைவு. கோட்டிலிருந்து ஒரு சாண் விலகினாலும் தூரம் கூடும். பள்ளிக்கூட நாளிலிருந்து 'இடதை விடாதே, இடதை விடாதே' என்று கேட்டுக் கேட்டு, என் செருப்பில்கூட இடது ஓரம்தான் முதலில் தேயும்.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. ஒருநாள் எனக்குக் காப்பி கொண்டுவந்தவள் மைதானத்து வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

"கோயில எல்லாரும் வலமா சுத்துதாங்க. நீ என்னட்டி இடமாச் சுத்துத? இடமாச் சுத்துதது எழவு வீட்டுலதான் தெரியுமா?"

"எம்மா, உலகம் பூரா இப்படித்தாம்மா ஓடுதாங்க."

"உலகம் எப்படியும் போவட்டும். நீ ஒரு நாளாவது வலமா ஓடேன்."

நான் சிரித்தேன். மைதானத்தில் வாக்கிங் வருகிறவர்கள் எல்லாரும் வலமாகத்தான் நடப்பார்கள், கோயில் பிராகாரம் என்று நினைப்பு. தினமும் அவர்களுக்கும் எனக்கும் நேருக்கு நேர் மோதல். உள்கோட்டை விடாமல் அவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓடுவேன். அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

கடைசி அழைப்பு

மறுபடி அந்தப் புங்கமரத்தடிக்கு வருகிறேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலத்தில் ஒரு ரோட்டுப் பந்தயம் வைத்திருந்தார்கள். தென்காசியிலிருந்து புறப்பட்டுக் குற்றாலம் வழியாக ஐந்தருவி வரைக்கும். சீசன் நேரம், ஊரெல்லாம் தட்டி கட்டியிருந்தது. மும்தாஜ் அங்கே போவாள் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தேன். பத்துத் தடவை போன் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"பெண்கள் ஓப்பன் ஐயாயிரம் மீட்டர், கடைசி அழைப்பு."

நான் எழுந்து மேஜைப் பக்கம் போனேன். "சார், பத்து நிமிசம் பொறுங்க சார். வந்துருவா."

சார் நல்ல மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு ஆடு நின்றது.

"எம்மா, ரெண்டு பேர வச்சு நான் எப்படிம்மா ஈவண்ட் போட முடியும்?"

"ஆம்பளைங்க ரேஸ்ல கூட ஓடுதேன் சார். டைம் மட்டும் எடுங்க."

"ஓடலாம். டைம எழுத முடியாது. அப்புறம் நீ ஓடி என்ன, ஓடாம என்ன?"

அங்கிருந்த நீளம் தாண்டும் பெண்ணிடம் கெஞ்சினேன். அவள் பயந்துபோய் அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வடிவு ஒரு ஐஸ்காரம்மாவிடம்கூடப் பேரம் பேசினாள். "யக்கா, சும்மா சுத்தி வந்தாப் போதும்க்கா." நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சார் எங்கள் பெயர்களின் மேல் கோடு கிழித்தார். அடுத்து குண்டு எறிதல் என்று மைக் சொன்னது.

ஸ்பைக்ஸைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே வடிவின் ஸ்கூட்டியில் ஏறிக் குற்றாலத்துக்குப் போனோம்.

ஐந்தருவிப் பக்கம் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரே கலர் பனியன் போட்ட மனிதர்கள் வாழைப்பழத் தோலைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். மும்தாஜ் கழுத்தில் மெடலும் கையில் கப்புமாக ஒரு டீக்கடைச் சுவரில் சாய்ந்து நின்றாள். முதலாவது வந்திருந்தாள். அவள் முதலாவது வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இல்லை, அதையும் நான் பார்க்கவில்லை.

வடிவுதான் முதலில் பாய்ந்தாள். "ஏ மூதி! ஒனக்காவ அங்கன ஒருத்தி மழையில நிக்கா. நீ வரலன்னா ரேஸ் நின்னுரும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் மும்தாஜ். "தெரிஞ்சுதான் இங்கன வந்தேன்."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு மாசக் கடைசியில நிக்காஹ். பொறவு மாப்பிள கூட கல்ஃபுக்குப் போயிருவேன். எனக்குன்னு இருந்தது இந்த ஒரு ஞாயித்துக்கெழமதாண்டி." என்னைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "அங்கன வந்தா நான் என்ன? நீ ஜெயிக்கதுக்கு வடிவு மூணாவது ஆள், நான் ரெண்டாவது ஆள். இத்தன வருசமா நான் அவளப் பாத்துச் சிரிச்சேன். எனக்கும் அவளுக்கும் என்னட்டி வித்தியாசம்?"

நான் மும்தாஜின் கப்பை வாங்கிப் பார்த்தேன். "நல்லாருக்கு" என்றேன்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. சாரல் முடிந்ததும் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் என்னைச் சேர்த்துவிட்டார்.

முழு ரோடும் உங்களுக்குத்தான்

அடுத்த வருடம் எனக்கு மும்தாஜும் இல்லை, வடிவும் இல்லை. வடிவை எங்கோ வடக்கே டூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். ஆள் பிடிக்க வழியில்லை. எந்த ரோட்டைத் திருவிழா என்று கேலி செய்தேனோ அந்த ரோட்டுக்கே வந்தேன். வேலைக்குப் போகுமுன் ஓடினேன், முடிந்து வந்தும் ஓடினேன். வேலைக்காக அல்ல. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. நான் இன்னும் ஓட்டக்காரிதான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதே குற்றாலப் பந்தயம். புறப்படும் இடத்தில் ஒரு தொண்டர் விசிலை ஊதிக் கத்தினார். "வண்டியெல்லாம் நிறுத்தியாச்சு. முழு ரோடும் உங்களுக்குத்தான்!"

முழு ரோடும் எனக்குத்தான். ஆனால் என் கால் இடது ஓரத்தை விட்டு வரவில்லை. ரோடு வலது பக்கம் வளைந்தால் எல்லாரும் குறுக்கே வெட்டி வலது ஓரத்துக்குப் போனார்கள். நான் மட்டும் இடது ஓரத்தை ஒட்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே உள்கோடும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது, வெறும் சாக்கடைத் திண்டு. மூளைக்குத் தெரிந்தது. 'ஏட்டி, அங்கிட்டு வலது பக்கம் போ' என்று நானே என்னைத் திட்டினேன். ஒரு வளைவில் போவேன், அடுத்த வளைவில் மறுபடி இடது. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி என்னைத் தாண்டினாள். ட்ராக்கில் ஓடி வளர்ந்தவளைத் தவிர வேறு யாரும் இப்படித் தோற்க முடியாது.

அதோடு போகவில்லை. ரோட்டு ஓரம் தண்ணீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். மாதக்கணக்கில் அந்தச் சரிவிலேயே ஓடிப் பழகியதில் இடது காலின் முன்னெலும்பு நொந்துபோயிருந்தது. பழைய வலிதானே என்று விட்டிருந்தேன். ஐந்தருவி ஏற்றத்தில் அது சுருக்கென்று பிடித்தது. நிற்கவில்லை. நொண்டிக்கொண்டே முடித்தேன். நாலாவது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

எக்ஸ்-ரேயில் டாக்டர் காட்டினார். எலும்பில் முடி கனத்துக்கு ஒரு கீறல்.

"கொஞ்ச நாள் ஓடாதீங்க."

"கொஞ்ச நாள்னா?"

அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

கீறல் ஒட்டியது. ஓடினால் திரும்ப வந்தது. மறுபடி ஒட்டியது, மறுபடி வந்தது. நான் அழுத அழுகைக்கு அந்த எலும்பு இளகியிருக்க வேண்டும். அம்மா கோயிலுக்குப் போய் எனக்காக வலம் வந்தாள். இப்போது பில் கவுன்டரில் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சேலை எடுக்க வரும் வாக்கிங் அண்ணாச்சி ஒருவர் கேட்டார், "என்னம்மா, செலெக்சன் ஆயிட்டா?" "ஆயிட்டு அண்ணாச்சி" என்றேன். விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை.

கையாட்டினேன்

இந்தச் சாரலில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது.

"யக்கா, நான் கடையத்துலேர்ந்து கனி பேசுதேன். வடிவக்கா நம்பர் குடுத்துச்சு. ஞாயித்துக்கெழம மாவட்ட மீட்டுக்கா. ஐயாயிரத்துக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம். இந்த வருசம் ஸ்டேட்டுக்குப் போகலன்னா வீட்டுல நிப்பாட்டிருவாங்க..." கொஞ்சம் தயங்கினாள். "மூணாவது ஆளா வந்து நிப்பீங்களாக்கா?"

கையில் யாருடைய பில்லோ இருந்தது. "வாரேன்" என்றேன். 'பாப்போம்' என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

அதே மைதானம், அதே ஈரச் சுண்ணாம்பு. புங்கமரம் மட்டும் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. வேறு ஒரு சார் பெயர்களைப் படித்தார். மூன்று பெயர்கள். கால் ரூமில் மூன்று பேர். இந்த ஒரு காட்சிக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! காலில் துணியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

விசில் ஊதியதும் இரண்டு பெண்களும் பாய்ந்தார்கள். முதல் சுற்றில் என்னையும் அறியாமல் நானும் பாய்ந்தேன். கனியின் முதுகு பக்கத்தில் தெரிந்தது, அவள் மூச்சு கேட்டது. இரண்டாவது சுற்றில் எலும்பு வாயைத் திறந்தது. வேகத்தைக் குறைத்தேன். பிறகு இன்னும் குறைத்தேன். உள்கோட்டை மட்டும் விடவில்லை.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்தது. ஒரு சுற்று கூடுதலாக ஓடிவிட்டு வந்த கனி. "யக்கா, உள்ள விடுங்க!"

விலகினேன். வலது பக்கம். குற்றாலம் ரோட்டில் அத்தனை கெஞ்சியும் வராத வலது பக்கம் அன்றைக்கு ஒரே எட்டில் வந்துவிட்டது. அவர்கள் என்னைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் நானாகவே விலகிக் கொடுத்தேன். நன்றாகப் பழகிவிட்டது.

அவர்களுக்குக் கடைசிச் சுற்று மணி அடித்தார்கள். எனக்கு இன்னும் பல சுற்றுகள் இருந்தன. அவர்கள் முடித்தார்கள். செருப்பு மாட்டினார்கள், தண்ணீர் குடித்தார்கள், ஓரமாக உட்கார்ந்தார்கள். மைக்காரர் பாட்டுப் போட்டார். நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். சாரல் வலுத்தது. நான் நடந்தேன், நொண்டினேன், கொஞ்சம் ஓடினேன். நின்றுவிடலாம் என்று இருந்தது. நின்றால் கனியின் நேரம் செல்லாது.

நான் கடைசி வளைவுக்கு வந்தபோது அந்த இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று தெரியாது. வடிவு ஏன் அப்படிக் கையாட்டிக்கொண்டு வந்தாள் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. கையை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் கையாட்டினேன்.

கோட்டைத் தாண்டியதும் சார், "மூணு பேரும் முடிச்சாச்சு, எழுதிக்கிடுங்க" என்றார். கனி மேஜைக்கு ஓடினாள். தன் நேரத்தைக் கேட்டாள். ஸ்டேட்டுக்குப் போதும் அது. தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. வரவில்லை.

பிறகு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் மழைத்தண்ணீர். "யக்கா, பார்டர் போவமா? மூணாவது ஆளுக்குப் பரோட்டா வாங்கிக் குடுக்கணும்னு வடிவக்கா சொல்லிச்சு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பசித்தது. ஓடிய உடம்புக்குப் பசிக்கத்தான் செய்யும். போனோம். வயிறு முட்டத் தின்றேன். கனி வழி நெடுக, பரோட்டாவைப் பிய்த்துப் போடும்போதுகூட, தன் நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் நேரத்தை அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.